வெட்டுறவங்களுக்குக் கடைசித் துண்டு

சோடா போட்டனா? ஓவன் கதவைச் சாத்தி, டைமர் திருகை முக்கால் மணி நேரத்துக்குத் திருப்பி வெச்சு, கையத் தொடைக்கறதுக்குள்ள இந்தக் கேள்வி வந்து குறுக்க நின்னுக்குச்சு. கோதுமை மாவு போட்டேன், அதுல சந்தேகமே இல்ல, நைட்டி பூரா அதுதான் இருக்கு. உப்புப் போட்டேன். நாட்டுச்சக்கரை ஒரு கை அள்ளிப் போட்டேன். மோர் ஊத்துனேன், முந்தாநேத்து மோர், மோந்து பாத்தாலே பல்லுக் கூசற புளிப்பு, அந்தப் புளிப்பு இருந்தாத்தான் சோடா வேலை செய்யும். ஆனா சோடா? டப்பாவக் கையில எடுத்தது ஞாபகம் இருக்கு. மூடியத் தொறந்தது ஞாபகம் இருக்கு. அந்த நேரம் பாத்துத்தான் சின்னவ தும்பி பாத்ரூம்ல இருந்து முடிஞ்சிருச்சுன்னு ராகம் போட்டுக் கூப்புட்டா. ஓடிப் போய்க் கழுவி விட்டு, ஜட்டிய மாட்டி விட்டு, பக்கெட்ல அவ மெதக்க விட்டிருந்த சோப்பு டப்பாவ, அது கப்பலாமா, கப்பல் கவுந்துராம எடுத்து ஓரமா வெச்சுட்டு வந்து பாத்தா சோடா டப்பா மூடி இருக்கு. மூடுனது நான்தான். போட்டுட்டு மூடுனனா, போடாமயே மூடுனனா? கைக்குத் தெரியும், மண்டைக்குத் தெரியல. எங்க வீட்ல இதுக்கு அவசர ரொட்டின்னு பேரு. ஈஸ்ட் கெடையாது, மாவை மூடி வெச்சுட்டு அது எப்ப உப்பும்னு பாத்துட்டு உக்காந்திருக்கற சோலி கெடையாது. சோடாவும் புளிச்ச மோரும் ஒண்ணாச் சேந்தா உடனே நுரைச்சுக்கும், அந்த நுரை அடங்கறதுக்குள்ள ஓவனுக்குள்ள தள்ளிரணும். பிசையக் கூடாது, தட்டக் கூடாது, கிண்டிக் கொட்டித் தள்ளு, அவ்வளவுதான். மூணு புள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே வெச்சுப் படிக்க வெக்கறவளுக்கு இதைவிடத் தோதான பண்டம் வேற ஏது. ஒருத்தன் கேள்வி கேட்டுட்டே இருப்பான், ஒருத்தி எதையாவது தட்டி விட்டுட்டே இருப்பா, அதுக்கு நடுவுல ஒரு ரொட்டி வெந்துரும். இன்னிக்கு யாரும் கேக்கல. நானாத்தான் மாவை எடுத்தேன். கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போய் நின்னுக்குது, அதுக்கு ஒரு வேலை வேணும்னு எடுத்தேன். இப்பப் பாரு, ரொட்டி உள்ள இருக்கு, கை மறுபடியும் சும்மா இருக்கு.

ஓவனுக்கு முன்னாடி முக்காலியப் போட்டு உக்காந்துட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டின்னுல மாவு அப்பிடியே கெடக்கு, ஒரு அசைவும் இல்ல. இப்பத்தான் வெச்சிருக்கேன், அதுக்குள்ள என்ன அசையும். பெரியவ ஆதிரை இந்நேரம் ஸ்கூல்ல சேர்றதுக்குப் பரீட்சை எழுதிட்டு இருப்பா. பரீட்சை. அந்த வார்த்தைய இந்த வீட்ல யாரும் சொல்றதில்ல, அஞ்சு வருஷமா சொன்னதில்ல, காலையில அவங்கப்பா வாயில இருந்துதான் வந்துச்சு, பரீட்சைக்குப் பேனா எடுத்துட்டயா கண்ணுன்னு. அவ ரெண்டு பேனா எடுத்தா. தலைய அவளே பின்னிக்கிட்டா. நான் பின்னி விடறேன்னு சீப்போட போறேன், அதுக்குள்ள ரெண்டு சடையும் முடிஞ்சு ரிப்பன் கட்டி நிக்கறா. ரிப்பன் எங்க இருந்து வந்துச்சு, எப்ப வாங்குனா, ஆரு கட்டப் பழக்குனா, ஒண்ணும் தெரியல எனக்கு. பதினோரு வயசுப் புள்ளைக்குள்ள நான் பாக்காத ஒரு ரிப்பன் இருந்திருக்கு. போலாம்ப்பான்னு சொல்லிட்டு வண்டில ஏறி உக்காந்தவ ஒருக்காத் திரும்பிப் பாத்தா, நான் கையாட்டுனேன், மாவுக் கையோடயா? இல்ல, அப்ப மாவு எடுக்கல. சும்மாக் கைதான். நானும் வரட்டான்னு நேத்தே கேட்டிருந்தேன். அப்பா வரட்டும்மான்னு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, கோவிச்சுக்கிட்டு இல்ல. ஆனா அந்த "அப்பா வரட்டும்" நேத்துல இருந்து தொண்டையில மீன் முள்ளு மாதிரி நிக்குது. நான் என்ன பண்ணிருவேன்னு நெனச்சா? அங்க இருக்கற டீச்சரோட சண்டைக்குப் போயிருவேன்னா? போயிருப்பேன்தான். இருந்தாலும் அப்படி நெனக்கலாமா?

ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு நாள் பட்டாணி உரிச்சுட்டு இருந்தோம். கிண்ணத்துக்கு நாலு, வாய்க்கு ஒண்ணுன்னு அவ உரிச்சுட்டு இருந்தா. நிமிராமயே சொன்னா, அம்மா, நான் ஸ்கூலுக்குப் போறேன்னு. எதுக்குக் கண்ணுன்னு கேட்டேன். எப்படிக் கேட்டேன் பாரு, கடைக்குப் போறேன்னு சொன்ன மாதிரி, அவ்வளவு சாதாரணமா. கை பாட்டுக்குப் பட்டாணி உரிச்சுது. அவ சொன்னா, த்ரோபாலுக்கு ஒரு பக்கம் ஏழு பேர் வேணும்மா, நம்ம வீட்ல நானு, பரிதி, தும்பிய அரையாளாச் சேத்தாக்கூட ரெண்டரை பேருதான் இருக்கோம். சிரிச்சுட்டேன். சிரிக்காம என்ன பண்றது, கணக்குச் சரியாத்தான் இருக்கு. பக்கத்து வீதில மஞ்ச பஸ் வந்து நிக்கறப்பெல்லாம் அவ மாடிப் படில நின்னு பாத்துட்டு இருந்தது அப்பறமாத்தான் எனக்கு உறைச்சுது. நான் அதை வேடிக்கைன்னு நெனச்சுட்டேன். ராத்திரி இவரு, என்ற வீட்டுக்காரரு லோகநாதன், மோட்டார் கம்பெனியில வேலை, பேசறதே அளந்து பேசறவரு, சொன்னாரு, அவ கேக்கறா, அனுப்பிப் பாக்கலாம், புடிக்கலைன்னா திரும்பி வரட்டும், வீடு எங்க போகுதுன்னாரு. வீடு எங்கயும் போகாதுதான். வீட்ல இருக்கறவ என்ன ஆவான்னு அவரு கேக்கல. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், அதுவும் உண்மைதான்.

அம்மா ரொட்டி வேகுதான்னு தும்பி வந்து மடில ஏறி உக்காந்துக்கிட்டா. நாலு வயசு, தலை பூரா எண்ணெய்யும் வெயிலும் கலந்த வாசம். கண்ணாடியத் தொடாத சாமி, சுடும். ரெண்டு பேரும் உள்ள பாக்கறோம். மாவு கொஞ்சம் எழும்பின மாதிரி இருக்கா? இல்ல, வெளக்கு வெளிச்சமா? தும்பிக்குப் பொறுமை இல்ல, எறும்பு பாக்கப் போறேன்னு எறங்கி ஓடிட்டா. இவ வயசுலதான் ஆதிரைய ஸ்கூல்ல சேத்தோம், பேர் சொல்ல வேண்டாம், ஊருக்குள்ள நல்ல ஸ்கூல்னுதான் பேரு. ரெண்டு வருஷம் போனா. ஒண்ணாங் கிளாஸ்ல காய்ச்சல் மேல காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டாரு, மருந்து குடுத்தாரு, மறுபடியும் காய்ச்சல். கடைசில ஒரு லேடி டாக்டர்தான் கேட்டாங்க, பாப்பா ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போறியான்னு. தலைய ஆட்டுச்சு புள்ள, இல்லைன்னு. டீச்சர்கிட்டக் கேக்கப் பயம். கேட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களாம். காலையில எட்டு மணிக்குப் போனா நாலு மணி வரைக்கும் அடக்கிட்டே உக்காந்திருந்திருக்கா, அவ்வளவு சின்ன ஒடம்புல. வீட்டுக்கு வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுவா, நான் அதைப் பாத்துச் சிரிச்சிருக்கேன், என்ன அவசரம்டி உனக்குன்னு. சிரிச்சேன். அந்தச் சிரிப்ப என்னால இன்னும் முழுங்க முடியல. அடுத்த நாள்ல இருந்து அனுப்பல. ஒரு வருஷம் பாப்போம்னுதான் ஆரம்பிச்சது. இங்க அவ கேக்க வேண்டியதில்ல, நெனச்சப்பப் போலாம், நெனச்சப்பத் தண்ணி குடிக்கலாம், தூக்கம் வந்தாத் தூங்கலாம். காய்ச்சல் வரல. அந்த ஒரு வருஷம் அஞ்சு ஆயிருச்சு, பரிதியும் தும்பியும் ஸ்கூல் வாசலையே மிதிக்கல. இப்ப அதே புள்ள, டீச்சர்கிட்டக் கேக்கப் பயந்த புள்ள, அங்க உக்காந்திருக்கா. பத்து மணிக்குப் போனவ. பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டு வெச்சுக்கங்கன்னு இவருகிட்டச் சொன்னனா? சொன்னேன். அதை ரெண்டு தடவை சொன்னேன், வண்டிய எடுத்தப்பறமும் சொன்னேன். சோடாதான் ஞாபகம் இல்ல.

பரிதியக் கேட்டாத் தெரியும். அவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில படுத்துக்கிட்டு காந்தத்தால குண்டூசி பொறுக்கிட்டு இருக்கான், எட்டு வயசு, அவனுக்கு மேசைக்கு மேல எதுவும் ஓடாது, எல்லாம் அடியிலதான். டேய், சோடா டப்பாவ எடுத்தியாடான்னு கேட்டேன். காலையில எரிமலை பண்ணுனேனே, நீதானே பண்ணச் சொன்னேன்னான். ஆமா, நான்தான் சொன்னேன். களிமண்ணுல மலை பண்ணி, குழில சோடாவப் போட்டு வினிகர ஊத்தினா பொங்கிட்டு வரும், அறிவியல் பாடம். இந்த வீட்ல பாடத்துக்கும் சமையலுக்கும் ஒரே டப்பாதான். மிச்சம் இருந்துச்சாடான்னா, கொஞ்சூண்டு இருந்துச்சுங்கறான். எந்திரிச்சுப் போய் டப்பாவத் தொறந்து பாத்தேன். அடில வெள்ளையா ஒரு பூச்சு. இது நான் போட்டது போக மிச்சமா, அவன் மலை போக மிச்சமா? இதை வெச்சு என்னத்தக் கண்டுபுடிக்கறது. மறுபடியும் முக்காலி. மறுபடியும் கண்ணாடி. நங்கையா பாக்கணும் இதை, இவரோட அக்கா, பாத்தா சிரிச்சே செத்துருவாங்க. ஒவ்வொரு கல்யாணத்துலயும் எம் புள்ளைகள வரிசையா நிக்க வெச்சு, ஏழெட்டு எவ்வளவு, இந்தியாவோட தலைநகரம் என்னன்னு கேக்கறது அவங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி. இலைல பாயசம் ஊத்திட்டு இருக்கறப்ப வாய்ப்பாடு. போன கல்யாணத்துல நாலு பேர் முன்னாடி கேட்டுட்டாங்க, புள்ளைகள வீட்லயே வெச்சு என்ன ஊறுகாயா போடப் போறேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டே சொன்னேன், ஊறுகாயும் நல்லா ஊறுனாத்தானுங்க ருசின்னு. சொல்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தப்பறம் நல்லா இல்ல. இப்ப ஆதிரை பெயிலாகி வந்தா நங்கையாவுக்குப் போன் போட வேண்டியதே இல்ல, காத்துல போயிரும் சேதி.

பெயிலாவாளா? இங்கதான் சுத்திச் சுத்தி வந்து நிக்குது என்ற மனசு. வேற எதுலயும் பயம் இல்ல. படிப்பா, எழுதுவா, எங்க வீட்டு அலமாரில இருக்கற பொஸ்தகம் அத்தனையும் அவ வாயில இருக்கு. கணக்குதான். அதுலயும் பின்னம். எனக்குத் தெரியும், அவளுக்குப் பின்னம் வராது. இதை இவருகிட்டக்கூட நான் சொல்லல. ரொட்டியாலதான் தெரியும். மொதல்ல எல்லாம் ரொட்டி வெந்து வந்ததும் எனக்குப் பெரிசு உனக்குச் சின்னதுன்னு ஒரே அடிதடி. அப்பறம் நான் ஒரு சட்டம் போட்டேன். வெட்டுறவங்க கடைசியாத்தான் எடுக்கணும். சின்னவளுக்கு மொதல்ல, அப்பறம் பரிதி, அப்பறம் அப்பா, அப்பறம் நான், வெட்டுனவங்களுக்குக் கடைசியா மிஞ்சறது. கோணலா வெட்டுனா மிஞ்சறது சின்னத் துண்டுதான், அதனால வெட்டறவங்க தன்னாலயே சமமா வெட்டப் பழகிக்குவாங்க. அஞ்சுல ஒண்ணுன்னா என்னன்னு கையால தெரிஞ்சுக்குவாங்க, நோட்டுப் போட்டு எழுத வேண்டியதில்ல. எனக்கே என்ன நெனச்சுப் பெருமை தாங்கல. இந்த மாதிரி வீட்ல படிக்க வெக்கற குடும்பங்க மாசம் ஒருக்காப் பார்க்குல கூடுவோம், அங்க இதை எடுத்துச் சொல்லி, நாலு பேர் எழுதிக்கூட வெச்சுக்கிட்டாங்க. பெரியவளாச்சேன்னு கத்திய ஆதிரைகிட்டக் குடுத்தேன். ஆரம்பத்துல சரியாத்தான் வெட்டுனா. அப்பறம் என்னாச்சுன்னு தெரியல, ஒண்ணு இத்தாத்தண்டி, ஒண்ணு வெத்தலை கனத்துக்கு. அடுத்த தடவையும் அதே. அதுக்கு அடுத்த தடவையும் அதே. ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சின்னது, நடுவுல மூணு பரவால்ல. பெரிசத் தும்பி லபக்குன்னு தூக்கிக்குவா. கடைசில அந்த வெத்தலைத் துண்டு இவளுக்கு. அதைத் தின்னுட்டு அவ பாட்டுக்குப் போயிருவா, ஒரு மொணங்கல்கூட இல்ல. அப்படியா ஒரு புள்ளைக்கு உறைக்காது? ஒரு தடவை ஏமாந்தா அடுத்த தடவை பாத்து வெட்ட மாட்டாளா? சொல்லிரலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்ல மாட்டேன். தப்பைப் புள்ளைதான் கண்டுபுடிக்கணும், நாம சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு கொள்கை. மண்ணாங்கட்டிக் கொள்கை. ஒரு வருஷமாக் கொள்கையப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு, இப்ப அவ அங்க நாப்பது புள்ளைகளுக்கு நடுவுல அஞ்சுல ரெண்டு எவ்வளவுன்னு தெரியாம முழிச்சுட்டு இருப்பா. திரும்பிப் பாப்பாங்க எல்லாரும்.

இரு, வாசம் வருது. கோதுமை லேசாக் கருகற வாசமும் நாட்டுச்சக்கரை வாசமும். எந்திரிச்சுக் குனிஞ்சு பாக்கறேன். எழும்பி இருக்கு. டின்னோட விளிம்பத் தாண்டி, ஒரு பக்கம் ஒசந்து, ஒரு பக்கம் தணிஞ்சு, நடுவுல வெடிச்சு, எழும்பி நிக்குது. அப்பச் சோடா போட்டிருக்கேன். கை பொய் சொல்லல. இத்தினியூண்டு விஷயத்துக்குக் கண்ணு கலங்குது, என்ன பொம்பளை நான். தும்பி, பரிதி, வந்து பாருங்கன்னு கூப்புட்டா ரெண்டும் வந்து கண்ணாடில மூஞ்சிய வெக்குதுக. பரிதி சொல்றான், உள்ளுக்குள்ள குமிழி குமிழியா கேஸ் இருக்கும்மா, அதான் தூக்குதுன்னு. ஆமாண்டா தங்கம். ஒருவேளை ஆதிரை பாஸாயிட்டா? அதையும் நெனச்சுப் பாக்கணும்ல. பாஸாயிட்டா போயிருவா. காலையில எட்டு மணிக்கு மேல இந்த வீட்ல அவ சத்தம் இருக்காது. தும்பிக்குக் கதை ஆரு படிப்பா. பரிதி மேசைக்கு அடில இருந்து கேக்கற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாதப்ப, இருடா பாத்துச் சொல்றேன்னு ஆரு அலமாரிக்குப் போவா. பெயிலானா என்னால பெயிலாச்சுன்னு ஆகும், பாஸானா என்ன விட்டுட்டுப் போயிருவா. ஒரு தாய்க்காரி எதைத்தான் வேண்டிக்கறது? மருதமலை ஜன்னல்லயே தெரியுது, கையெடுத்துக் கும்புட்டா ஆயிருச்சு. என்னன்னு கும்புடறது முருகான்னு நிக்கறேன். கடைசில, அவ பயந்துராம இருந்தாப் போதும் சாமின்னு வேண்டிக்கிட்டேன். பாஸு பெயிலு அப்பறம். கேக்க வேண்டியதக் கேக்கட்டும். தண்ணி வேணும்னாக் கேக்கட்டும், பாத்ரூம் போகணும்னாக் கேக்கட்டும், எவ திரும்பிப் பாத்தா என்ன.

திருகு டிங்குன்னு அடிக்கறதும் வண்டி வந்து நிக்கறதும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. எதுக்கு மொதல்ல போறது? கரித்துணியப் புடிச்சு டின்ன வெளிய எடுத்து மேடைல வெச்சுட்டுத்தான் திரும்புனேன், திரும்புனா ஆதிரை சமையக்கட்டு வாசல்ல நிக்கறா. ஒரு சடைல ரிப்பன் அவுந்து தொங்குது. ஆ, அவசர ரொட்டின்னு மூக்க உறிஞ்சா. அவ மூஞ்சில ஒண்ணையும் படிக்க முடியல எனக்கு. பின்னாடியே வந்தவரு செருப்பக் கழட்டிட்டே சொன்னாரு, திங்கக்கெழமையில இருந்து வரச் சொல்லிட்டாங்கன்னு. அப்பறம் அவரு வாழ்நாள்லயே இல்லாத அதிசயமா இன்னும் நாலு வார்த்தை சேத்துச் சொன்னாரு. பேப்பர் திருத்துன டீச்சரம்மா கூப்புட்டு, இந்தப் புள்ளைக்கு ஆரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்களாம். கணக்குல ஒண்ணுகூடத் தப்பு இல்லையாம். பின்னம் பூராச் சரியாம். நான் கரித்துணியக் கையில வெச்சுக்கிட்டே நிக்கறேன். பின்னமா, பின்னமான்னு ரெண்டு தடவை கேட்டேன். அதுல என்னம்மா இருக்குன்னுட்டு அவ தண்ணி மோந்து குடிக்கறா. பாத்ரூம் போனியா கண்ணுன்னு கேட்டேன், வேற என்ன கேக்கறதுன்னு தெரியாம. போனேம்மா, நடுவுலயே எந்திரிச்சுக் கேட்டுட்டுப் போனேன்னா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களான்னு கேட்டேன். பாத்தாங்க, அப்பறம் எழுத ஆரம்பிச்சுட்டாங்கன்னா. அவ்வளவுதான். அஞ்சு வருஷம் அந்த ஒரு வார்த்தைல முடிஞ்சு போச்சு. நீ வந்திருந்தா வாசல்லயே ரெண்டு பேரும் அழுதிருப்போம்மா, அதான் அப்பாவக் கூப்புட்டேன்னும் சொன்னா, நான் கேக்காமயே. முள்ளு எறங்கிருச்சு. எறங்குன எடம் வலிக்குது.

ரொட்டி ஆறணும், ஆறுனாத்தான் வெட்ட வரும், ஆனா எங்க வீட்ல அது வரைக்கும் பொறுத்த சரித்திரம் கெடையாது. டின்னக் கவுத்துத் தட்டி மேசைல வெச்சேன், மூணும் சுத்தி உக்காந்துக்கிச்சுக. இவரு கைகால் கழுவப் போனாரு. நான் வெண்ணெய் எடுக்கச் சமையக்கட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் தொறந்தேன். கதவு தொறந்திருந்தா மேசைல இருக்கறவங்களுக்கு நான் தெரிய மாட்டேன். பின்னமெல்லாம் சரியாம்னா அப்ப ரொட்டி? ஒரு வருஷமா ஏன் அப்படி வெட்டுனா? போய்க் கேட்டுரணும், கொள்கையாவது ஒண்ணாவதுன்னு நெனச்சுட்டே வெண்ணெய்க் கிண்ணத்துல கைய வெக்கறேன், அங்க ஆதிரை பரிதிகிட்ட மெதுவாப் பேசறது கேக்குது. இனிமே நீதாண்டா வெட்டணும், திங்கக்கெழமை நான் இருக்க மாட்டேன்னு. கத்திய அவன் கையில குடுத்துட்டா போல. அவன் சந்தோஷமா, சமமா வெட்டறேன்க்கான்னான்.

"சமமா வெட்டிராதடா. தும்பிக்கு மட்டும் பெரிசா வெட்டு. அவ பாதிக்கு மேல திங்க மாட்டா. மிச்சத்த அம்மாதான் திங்கும்."

"அம்மாக்கே பெரிசா வெட்டலாம்ல?"

"அது ஆகாது. அம்மா துண்ட அம்மா திங்காது, நமக்குப் பிச்சுப் பிச்சுக் குடுத்துரும். தும்பி எச்சில் பண்ணுனது மட்டுந்தான் ஆருக்கும் குடுக்காது."

பரிதி யோசிக்கறான், கேக்குது எனக்கு, அவன் யோசிச்சா மூக்குல ஒரு சத்தம் வரும். அப்ப எனக்குன்னு கேக்கறான். வெட்டறவங்களுக்கு மிஞ்சறதுதான், அது போதும்னு சொல்றா. ஃபிரிட்ஜு கதவத் தொறந்தே வெச்சிருக்கேன்னு கீ கீங்குது. குளிருது மூஞ்சில. எத்தனை ரொட்டி ஆச்சு இந்த ஒரு வருஷத்துல. ஒவ்வொண்ணுலயும் நான் அவளுக்கு மார்க்குப் போட்டுட்டு உக்காந்திருந்திருக்கேன், பாவம், புள்ளைக்குப் பின்னம் வரலைன்னு. தட்டுக் கழுவற எடத்துல நின்னுக்கிட்டு தும்பி வெச்ச மிச்சத்த வாயில போட்டுட்டுக் குழாயத் தொறக்கறது எனக்கே தெரியாத பழக்கம். வீணாப் போகுதேன்னுதான் திங்கறது. என்ற துண்டு எங்க போச்சுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல, பரிதிக்குப் பாதி, இவருக்குக் கொஞ்சம், ஆதிரைக்கு அந்த மொறுமொறு ஓரம், அவளுக்குப் புடிக்கும்னு. அந்தப் பொடுசு இதையெல்லாம் பாத்திருக்கு. பாத்து, கணக்குப் போட்டு, நான் ஏமாந்து திங்கற மாதிரி வெட்டியிருக்கு. தன்ற வயித்துல வெத்தலைத் துண்டப் போட்டுக்கிட்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, சொன்னா நான் அதையும் பிச்சுக் குடுத்திருப்பேன்.

அம்மா வெண்ணெய்ன்னு தும்பி கத்துனா. மூஞ்சியத் தொடைச்சுட்டுப் போனேன். வேர்க்குதான்னு இவரு கேட்டாரு, ஓவன் சூடுன்னு சொன்னேன். பரிதி நாக்கத் துருத்திக்கிட்டு வெட்டறான், ரொட்டி சூடா இருக்கறதால கத்தியோட ஒட்டிக்கிட்டுப் பிய்யுது, ஆதிரை கையக் கட்டிக்கிட்டு பாத்துட்டு உக்காந்திருக்கா. ஒண்ணு இத்தாத்தண்டி. மூணு பரவால்ல. கடைசித் துண்டு வெத்தலை மாதிரி வரணும், பாவம், அவனுக்குக் கை பழகல, பொடியா உதுந்து போச்சு, அதையும் கூட்டித் தட்டுல வெச்சுக்கிட்டான். தும்பி பெரிசத் தூக்குனா. ஆதிரை வெட்டலைங்கறதால இன்னிக்கு எனக்கு முந்தி அவளுக்கு முறை, ஒரு நடுத் துண்ட எடுத்தா, ஒரு வருஷத்துல மொத தடவையா. எனக்கு வந்த துண்டப் பாத்தேன். கை பழக்கத்துல ஓரத்தப் பிச்சு ஆதிரை தட்டுல வெச்சிருச்சு, பரிதியோட பொடிக்குப் பக்கத்துல பாதிய வெச்சிருச்சு. வெச்சப்பறம்தான் நானே பாத்தேன். ஆதிரை பரிதியப் பாத்துக் கண்ணக் காட்டுனா, பாத்தியா நான் சொன்னனேன்னு. நான் பாக்காத மாதிரி வெண்ணெயத் தடவுனேன்.

தும்பி பாதி தின்னா. வெண்ணெய நக்குனா, நடுவுல ஒரு குழி பறிச்சா, போதும்னு தட்டத் தள்ளிட்டு எறும்பு பாக்கப் போயிட்டா. தட்டு மேசைல கெடக்கு. பெரியவ அதைப் பாக்கல, ஜன்னலப் பாக்கறா. சின்னவன் தன்ற பொடியப் பாக்கறான். நான் எப்பவும் எந்திரிச்சுத் தட்டுகள அடுக்கி எடுத்துட்டுப் போவேன். இன்னிக்கு எந்திரிக்கல. தும்பி தட்ட இழுத்து எனக்கு முன்னாடி வெச்சுக்கிட்டேன். அவ எச்சிலும் வெண்ணெயும் ஒட்டி, ஒரு பக்கம் பல்லு பதிஞ்ச ரொட்டி, இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. ஒரு வாய் கடிச்சேன். உப்புச் சரியா இருக்கு, புளிப்பும் சரியா இருக்கு. இவரு கை நீட்டி, ஒரு துண்டு குடு பாப்போம்னாரு.

"இது என்றது" ன்னு சொன்னேன்.

ஆதிரை ஜன்னல்ல இருந்து திரும்பி என்னப் பாத்தா. நான் உக்காந்து, மெதுவா, கடைசி வாய் வரைக்கும் தின்னேன்.